பிளெண்டரில் அசைவு உறுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்து வளைவைச் சரிசெய்யும் வழிமுறை

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு அசைவு கண்ணுக்கு உறுத்தினால் நம் கை முதலில் போவது இன்னொரு கீஃப்ரேம் (சுருக்கமாகக் கீ: இந்த ஃப்ரேமில், அதாவது இந்தப் படத்தில், பொருள் இங்கே என்று குறித்துவைப்பது) போடத்தான். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். பந்து ஒன்று விழும் காட்சியில் 12 ஃப்ரேமுக்குள் 9 கீ போட்டு, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் நகர்த்தியபடி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நடுவில் இருந்த 7 கீயையும் அழித்துவிட்டு, மிஞ்சிய இரண்டுக்கும் நடுவே வளைவை மட்டும் மாற்றினேன். ஒரு நிமிஷத்தில் பந்து பந்தாக விழுந்தது.

எந்த ஃப்ரேமில் பொருள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் கீ சொல்லும். இரண்டு கீக்கு நடுவே அது எப்படிப்பட்ட வேகத்தில் போகிறது என்பதைச் சொல்வது வளைவு. கண் பிடித்துக்கொள்வது வேகத்தைத்தான். இந்த வளைவுகளைக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் குறுக்கே ஃப்ரேம் ஓடும், நெடுக்கே மதிப்பு ஏறும். வளைவு படுத்திருந்தால் பொருள் நிற்கிறது. செங்குத்தாக இருந்தால் வேகமாகப் போகிறது. முனை மடங்கியிருந்தால் வேகம் ஒரே ஃப்ரேமில் மாறுகிறது. கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்தச் சரிவைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

கிராஃபில் தெரியும் சரிவு நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குத் தகுந்தபடி மாறும் என்பது உண்மைதான். மீட்டரில் இருக்கும் இடமும் டிகிரியில் இருக்கும் சுழற்சியும் ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒப்பிடவே முடியாது. அதனால் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் மோஷன் பாத்தைப் போட்டுப் பார்க்கிறேன். பொருள் போகும் பாதையில் ஃப்ரேமுக்கு ஒரு புள்ளி விழும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் மெது, விலகியிருந்தால் வேகம். கையால் வரைந்த காலத்து அனிமேட்டர்கள் தாளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகளாக டைமிங் சார்ட் போட்டு வைத்ததும் இதற்காகத்தான்.

வளைவைத் தொடும் முன்

நீங்கள் பார்ப்பது உண்மையான வேகம்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிளெண்டர் இயல்பாக ஒரு ஃப்ரேமையும் விடாமல் ஓட்டும். காட்சி கனமாக இருந்தால் ஓட்டம் தானாக மெதுவாகிவிடும். ஓடும்போது மூலையில் தெரியும் ஃப்ரேம் எண்ணிக்கை சிவப்பாக மாறினால் அது கணினியின் திணறல். உங்கள் வளைவின் மேல் குற்றம் இல்லை. ப்ளேபேக் மெனுவில் 'ஃப்ரேம் டிராப்பிங்' வைத்தால் இடையில் சில படங்கள் போனாலும் காலம் சரியாக ஓடும். அதைவிட நல்லது, திரையில் தெரிவதை அப்படியே வீடியோவாக்கும் வியூபோர்ட் ரெண்டர் ஒன்றைச் சின்ன அளவில் எடுத்துப் பார்ப்பது.

அப்புறம் ஃப்ரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. 24-ல் கீ போட்டுவிட்டு நடுவில் 30-க்கு மாற்றினால் ஒரு விநாடி அசைவு 0.8 விநாடியில் முடிந்துவிடும். எல்லாமே கொஞ்சம் பதற்றமாகத் தெரிந்தால் இதைப் பாருங்கள்.

"மெஷின் மாதிரி சட்டென்று கிளம்பி சட்டென்று நிற்கிறது"

கீக்கள் லீனியரில் இருக்கின்றன, அதாவது நடுவே நேர்கோடு, வேகம் மாறுவதே இல்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கீ மெனுவில் 'இன்டர்போலேஷன் மோட்' (கீக்களுக்கு நடுவே எப்படிப் போவது என்ற தேர்வு) போய், வழவழப்பாக வளையும் பெஸியராக மாற்றுங்கள். போதும். சீரான வேகத்தில் ஓட வேண்டியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அவை லீனியரிலேயே இருக்கட்டும்.

"தண்ணீருக்குள் நடப்பது போல மிதக்கிறது"

மேலே சொன்ன பழுதைச் சரிசெய்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இது. புதிதாகப் போடும் கீ ஒவ்வொன்றும் பிளெண்டரில் பெஸியராக, ஆட்டோ கிளாம்ப்டு ஹேண்டிலோடு வரும். ஹேண்டில் என்பது கீயின் இரண்டு பக்கமும் நீண்டு வளைவின் சரிவை முடிவு செய்யும் பிடி. ஆட்டோ கிளாம்ப்டு என்றால் வளைவு கீயின் மதிப்பைத் தாண்டிப் போகாதபடி அது தானே சரிசெய்துகொள்ளும். நின்ற இடத்திலிருந்து இன்னொரு இடம் போய் நிற்கும் எந்த அசைவும் இரண்டு முனையிலும் ஒரே அளவு மெதுவாகிவிடும். தலை திரும்புவது, கதவு சாத்துவது, பயந்து கையை இழுப்பது எல்லாம் ஒரே தாளத்தில் நடந்தால் மிதக்காமல் என்ன செய்யும்?

முதலில் காலத்தைச் சரிபாருங்கள். 2 மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.8 விநாடி ஆகும். 24 ஃப்ரேம் கணக்கில் 68 ஃப்ரேம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 34. நீங்கள் அங்கே 55 ஃப்ரேம் போட்டிருந்தால் எந்த வளைவை வைத்தாலும் அது செவ்வாய் கிரகத்தில் கட்டிய ஊஞ்சலாகத்தான் ஆடும். கீக்களை நெருக்கி வைப்பதே மருந்து. சொல்லப்போனால், இரண்டு முனையிலும் ஒரே அளவு மெதுவாகும் வளைவு கச்சிதமாகப் பொருந்தும் அசைவு இந்த ஊஞ்சல்தான். அதே 'இன்டர்போலேஷன் மோட்' பட்டியலில் இருக்கும் சைனுசாய்டல் என்ற ஆயத்த வகையை ஈஸ் இன் அண்ட் அவுட்டில் (தொடக்கமும் மெது, முடிவும் மெது) வைத்தால் இயற்கைக்கு மிக நெருக்கமாக வரும்.

காலம் சரி, ஆனாலும் மிதக்கிறது என்றால் வளைவின் இரண்டு முனைகளையும் வேறுபடுத்துங்கள். சுடும் வாணலியைத் தொட்டுவிட்டுக் கையை இழுப்பதாக ஒரு காட்சி, 20 ஃப்ரேம். இயல்பான வளைவில் முதல் 5 ஃப்ரேமில் கை மொத்தத் தூரத்தில் 15 விழுக்காட்டைக்கூட எட்டாது. பார்ப்பவருக்குச் சுட்டதாகவே தோன்றாது. கியூபிக் என்ற ஆயத்த வகையின் ஈஸ் அவுட்டில் (தொடக்கம் வேகம், முடிவு மெது) அதே 5 ஃப்ரேமில் 58 விழுக்காடு போய்விடும், மிச்ச 15 ஃப்ரேம் கை அடங்குவதற்கு. கீ அதேதான், இடம் அதேதான், காலமும் அதேதான். வலி மட்டும் வந்துவிட்டது.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. அனிமேட்டர்கள் சிலர் ஒரு நிலைக்குள் மெதுவாக வந்து சேர்வதை ஈஸ் இன் என்பார்கள். பிளெண்டரிலும் இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ்ஸிலும் ஈஸ் இன் என்றால் தொடக்கம் மெது, ஈஸ் அவுட் என்றால் முடிவு மெது. பாடம் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்தும் தலைகீழாக வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

"பந்து தரையில் விழவில்லை, மெத்தையில் இறங்குகிறது"

இதில் கொஞ்சம் நிதானமாக உட்காரலாம். பந்து ஒன்றை ஒழுங்காக விழவைத்துவிட்டால் கனம் என்ற விஷயம் கைக்கு வந்துவிடும்.

பந்து தரையைத் தொடும் கணத்தில்தான் அதன் வேகம் உச்சத்தில் இருக்க வேண்டும். இயல்பான ஹேண்டில் அங்கே வளைவைப் படுக்க வைத்துவிடுகிறது, அதாவது வேகத்தைச் சுழியாக்கிவிடுகிறது. 12 ஃப்ரேமில், அதாவது அரை விநாடியில், பந்து விழும் தூரம் 122.5 செ.மீ. அதை மும்மூன்று ஃப்ரேமாகப் பிரித்தால் முதல் மூன்றில் 7.7, அடுத்த மூன்றில் 23, அதற்கடுத்து 38.3, கடைசி மூன்றில் 53.6 செ.மீ. 1, 3, 5, 7 என்ற விகிதம், பள்ளிக்கூட இயற்பியல்தான். இயல்பான பெஸியரில் அந்தக் கடைசி மூன்று ஃப்ரேமில் பந்து போவது ஏறக்குறைய 17 செ.மீ. மட்டும். 53 எங்கே, 17 எங்கே! மெத்தை போலத் தெரிவது இதனால்தான்.

சுருக்கமான வழி: மேலே இருக்கும் கீயின் இன்டர்போலேஷனை குவாட்ராட்டிக் ஆக்கி, ஈஸிங்கை ஈஸ் இன் வையுங்கள். குவாட்ராட்டிக் என்பது காலத்தின் வர்க்கம், புவியீர்ப்பும் காலத்தின் வர்க்கம், ஆகவே இது ஒட்டுவேலை இல்லாத நேர்க் கணக்கு. எழும்பும் பகுதிக்குத் தரையில் இருக்கும் கீயை அதே குவாட்ராட்டிக்கில் ஈஸ் அவுட் ஆக்குங்கள். பிளெண்டரில் ஒரு கீயின் வகை அதற்கு அடுத்து வரும் பகுதியைத்தான் ஆளும். இதை மறந்தால் மாற்றம் தவறான இடத்தில் விழும்.

ஹேண்டிலைக் கையால் வைப்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. மேல் கீயின் வலது ஹேண்டில் படுத்த நிலையில், மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம். தரைக் கீயின் இடது ஹேண்டில் அதே மூன்றில் ஒரு பங்கு பின்னால், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே. நம் பந்துக்கு அது 4 ஃப்ரேம் பின்னால், ஏறக்குறைய 82 செ.மீ. மேலே. தரைக் கீயைத் தேர்ந்தெடுத்து, ஹேண்டில் வகையை, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திரும்பும் ஃப்ரீ ஆக்கிய பிறகே இதைச் செய்ய முடியும், ஏனென்றால் அந்த இடத்தில் வளைவு ஒரு கூர்மையான பள்ளமாக மடங்க வேண்டும். வளைவெல்லாம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மோதல் நடக்கும் இடங்களில் விட்டுவிடுங்கள். மோதல் என்பதே முனை மடங்குவதுதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு 'பவுன்ஸ்' என்ற ஆயத்த வகையைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். இணையத்தில் ஃபிளாஷ் அனிமேஷன் ஓடிய காலத்தில் ராபர்ட் பென்னர் எழுதிப் பரவலாக்கிய ஈஸிங் சமன்பாடுகள் 2014-ல் 2.71 பதிப்பில் பிளெண்டருக்குள் வந்தன. பவுன்ஸ் அவற்றில் ஒன்று. அதில் முதல் துள்ளல் விழுந்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கு, அடுத்தது பதினாறில் ஒன்று, அதற்கடுத்து அறுபத்து நான்கில் ஒன்று, அவ்வளவுதான். எழுத்தோ பொத்தானோ விழுந்து அடங்குவதற்கு அது அழகாக இருக்கும். ஆனால் நாம் தெருவில் ஆடும் டென்னிஸ் பந்து அப்படித் துள்ளாது. போட்டிக்கான சாதாரண டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது விதி. பாதிக்கு மேல்! நான்கில் ஒரு பங்கு எழும் பந்து காற்றுப் போன பந்தாகத்தான் தெரியும்.

டென்னிஸ் பந்தையே கீயில் போட்டுப் பாருங்கள். 254 செ.மீ. விழ 17 ஃப்ரேம். 140-க்கு எழ 13, விழ 13. அடுத்து 77 செ.மீ.க்கு எழ ஒன்பதரை, விழ ஒன்பதரை. அரை ஃப்ரேமை உங்கள் கண்ணுக்குப் பிடித்த பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். உயரம் குறையும்போது காலமும் சேர்ந்து குறைவதைக் கவனியுங்கள். உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரே எண்ணிக்கை ஃப்ரேம் கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்போது கடைசித் துள்ளல்கள் சோப்புக்குமிழி போல மிதக்கும்.

"நடுவில் நடுவில் தயங்குகிறது"

ஒரே ஓட்டமாகப் போக வேண்டிய பொருள் ஒவ்வொரு கீயிலும் மூச்சு வாங்குகிறது. ஈஸ் இன் அண்ட் அவுட் போன்ற ஆயத்த வகையை எல்லாக் கீக்கும் ஒரேயடியாகக் கொடுத்திருப்பீர்கள். அது மொத்த அசைவுக்கும் பொருந்துவதில்லை, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பொருந்தும். நான்கு கீ இருந்தால் மூன்று முறை கிளம்பி மூன்று முறை நிற்கும். சிஎஸ்எஸ் கீஃப்ரேம்களிலும் இதே கதைதான். நடுக் கீக்களைப் பெஸியராக்கி, ஹேண்டில் வழியே வளைவு ஏறிக்கொண்டே போகும்படி விடுங்கள். அந்த நடுக் கீ உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை அழித்தும் பாருங்கள்.

மேலே பார்த்த பந்துக்கும் இது வரும். துள்ளிக்கொண்டே முன்னால் போகும் பந்துக்கு உயரத்தின் வளைவில்தான் பள்ளமும் மேடும். முன்னால் போகும் அச்சில் முதல் கீயும் கடைசிக் கீயும் போதும், நடுவே லீனியர். எல்லா அச்சுக்கும் சேர்த்துக் கீ போடும் பழக்கத்தால் அந்த அச்சிலும் தரையைத் தொடும் இடத்தில் எல்லாம் கீ விழுந்து, உயரத்துக்குக் கொடுத்த ஈஸிங் அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. பந்து உச்சிக்குப் போகும்போதெல்லாம் காற்றில் பிரேக் போடும்.

"ஊன்றிய கால் வழுக்குகிறது, தரைக்குள் இறங்குகிறது"

ஒரே மதிப்புள்ள இரண்டு கீக்கு நடுவே வளைவு நேர்கோடாக இல்லாமல் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். ஹேண்டில் ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் இது சகஜம். அந்த இரண்டு கீயையும் ஆட்டோ கிளாம்ப்டு ஆக்குங்கள், அல்லது நடுவே அசையவே கூடாதென்றால், அடுத்த கீயை நேராகப் பார்த்து நிற்கும் வெக்டர் வகையாக்குங்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று கெட்டுவிட்டது என்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். ஆட்டோ ஹேண்டிலைக் கையால் ஒருமுறை தொட்டு இழுத்தாலே அது, இரண்டு பக்க ஹேண்டிலும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அலைண்டு வகையாக மாறிவிடும். அதன் பிறகு கீயை நகர்த்தினால் ஹேண்டில் தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளாது, பழைய சரிவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

"விசிறி ஒவ்வொரு சுற்றிலும் திணறுகிறது"

0-விலும் 360-லும் கீ போட்டுப் பெஸியரில் விட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகும். லீனியராக மாற்றிவிட்டு, எக்ஸ்ட்ராபொலேஷனையும் (கடைசிக் கீக்குப் பிறகு வளைவு எப்படித் தொடர்கிறது என்பது) லீனியர் ஆக்குங்கள். ஷிஃப்ட் + இ. சுற்று முடியும் கீ 24-ஆவது ஃப்ரேமில் இல்லாமல் 25-ல் இருக்கட்டும், ஓட்டம் மட்டும் 1 முதல் 24 வரை. இல்லையென்றால் ஒரே படம் இரண்டு முறை வந்து, லூப்பில் ஒரு சின்ன விக்கல் கேட்கும்.

ஸ்விட்ச் போட்டதும் விசிறி மெல்ல வேகமெடுக்க வேண்டும் என்றால், முதல் கீயில் வளைவைப் படுக்க வைத்து, கடைசிக் கீயின் ஹேண்டிலை மேல் நோக்கிச் சாய்த்து விடுங்கள். லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷன் அந்த ஹேண்டில் காட்டும் சரிவிலேயே தொடர்ந்து போகும். விசிறியின் முழு வேகம் எவ்வளவு என்பதை அந்த ஒரு ஹேண்டிலின் சாய்வு முடிவு செய்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

வளைவு சரியாக இருந்தும் விசிறி பின்பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரியலாம். நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் ஃப்ரேமுக்கு 87.5 டிகிரி. மூன்று இறக்கையும் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், கண் அதை 32.5 டிகிரி பின்னால் போனதாக எடுத்துக்கொள்ளும். வேகத்தில் உருவத்தை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளரைப் போடுங்கள். வளைவில் கை வைக்க வேண்டாம்.

"வளைந்து போக வேண்டிய பாதை கோணலாகிவிட்டது"

இரண்டு அச்சுக்கும் வேறு வேறு ஈஸிங் கொடுத்தால் பாதையின் வடிவமே மாறும். வேகத்தைத் திருத்தப் போய்ப் பாதை கெடும், பாதையைத் திருத்தப் போய் வேகம் கெடும். இந்தச் சண்டையை நிறுத்த, பாதையை ஒரு கர்வ் பொருளாக வரைந்து, பொருளை அதன் வழியே ஓட்டும் ஃபாலோ பாத் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, ஃபிக்ஸ்டு பொசிஷனை இயக்கி, அதில் வரும் ஆஃப்செட்டுக்கு மட்டும் கீ போடுங்கள். எங்கே போகிறது என்பது கர்வில் இருக்கும், எப்போது போகிறது என்பது ஒரே ஒரு வளைவில் இருக்கும்.

"கை திடீரென்று ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறது"

170 டிகிரியிலிருந்து மைனஸ் 170-க்குப் போகச் சொன்னால், நமக்கு அது 20 டிகிரி, பிளெண்டருக்கு 340. இரண்டாவது கீயில் 360-ஐக் கூட்டி 190 ஆக்குங்கள். பல இடத்தில் இப்படி இருந்தால், இந்தத் தாவல்களைத் தானே சரிசெய்யும் ஆய்லர் ஃபில்டரை எஃப்3 தேடலில் தேடிப் போடலாம். பாத்திரத்தை அசைக்கும் எலும்புகள், சுழற்சியை நான்கு எண்ணால் குறிக்கும் குவாட்டர்னியனில் இருந்தால் நான்கு சேனலின் கீக்களும் எப்போதும் ஒரே ஃப்ரேமில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் சுழற்சி கோணிக்கொள்ளும்.

"ஹேண்டிலை இழுத்துக்கொண்டே போகிறேன், மாற்றமே இல்லை"

அடுத்த கீ இருக்கும் ஃப்ரேமைத் தாண்டி ஹேண்டில் போயிருக்கும். ஒரு ஃப்ரேமில் ஒரு பொருளுக்கு ஒரு மதிப்புதான் இருக்க முடியும், வளைவு பின்னோக்கி மடங்க முடியாது. அதனால் கணக்கிடும்போது பிளெண்டர் ஹேண்டிலைத் தானே சுருக்கிக்கொள்கிறது. இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் கீயைத் தள்ளி வைத்துக் காலத்தைக் கூட்டுங்கள்.

"எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பொம்மை போல இருக்கிறது"

எல்லாக் கீக்களையும் வரிசை வரிசையாகக் காட்டும் டோப் ஷீட்டைத் திறந்து பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றின் கீயும் ஒரே நெட்டுக் கோட்டில் அடுக்கி வைத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு வளைவும் தனியாக அழகாக இருக்கலாம். எல்லாம் ஒரே ஃப்ரேமில் கிளம்பி ஒரே ஃப்ரேமில் நிற்கும்போது உடம்பு ஒரே கட்டையாகிவிடுகிறது.

கையைத் தூக்கி யாரையோ கூப்பிடும் காட்சி என்றால், தோளின் கீக்களை அப்படியே விட்டுவிடுங்கள். முழங்கையின் கீக்களை 2 ஃப்ரேம் தாமதமாக வரும்படி தள்ளுங்கள், மணிக்கட்டை 4, விரல்களை 5. தோள் நின்ற பிறகும் விரல்களின் வளைவு கொஞ்சம் ஏறிக்கொண்டிருக்கட்டும், தன் இடத்தை ஒரு சில டிகிரி தாண்டிப் போய்த் திரும்பி வரட்டும். அதற்காக இன்னொரு கீ போடலாம். இந்த இடத்தில் அது நியாயமான கீ. தள்ளிய பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2 ஃப்ரேம் போதாமல் இருந்தால் 3.